மனச்சான்றும் பதவியும்

1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சிதைய, தூத்துக்குடி விரைவு வண்டி கவிழ்ந்து 100-க்கு மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி துறந்தார். பாலத்தைக் கட்டியவரும் அவரல்லர். வண்டியை ஓட்டியவரும் அவரல்லர். அவர்மீது குற்றமில்லை என்று கூறியே பிரதமர் நேருவும் அவ்விலகலை ஏற்றார்.

சட்டம் குற்றவாளியைத் தேடும். மனச்சான்றோ பொறுப்பாளியைத் தேடும். அரசுக் கோப்புகளை மொழிபெயர்க்கும் நாங்கள், "மேலிடத்து ஆணைப்படி" என்னும் தொடரைப் பன்முறை எழுதியிருக்கிறோம். அதன் நிழலில் ஒதுங்கியும் இருக்கிறோம். ஆணை மேலிடத்தினுடையதாயினும் அதனை நிறைவேற்றும் கை நம்முடையதன்றோ? பிறந்த ஊரார் பாராத தொலைவில் பணிபுரியும் நம்மை நாள்தோறும் பார்ப்பது நம் நெஞ்சே. அதற்கு விடைகூறும் துணிவு அமைச்சர்க்கும் வேண்டும், எழுத்தர்க்கும் வேண்டும்.