கல்லிற் பொறித்த பெயர்கள்

விடுமுறை வந்தால் ஊர் சுற்றிப் பார்க்க விரும்புகிறோம். ஒரே நாளில் எத்தனை ஊர்களைக் கண்டோம் என்று எண்ணிச் சொல்வதிலும் பெருமை கொள்கிறோம். ஆயினும், கண்டவற்றிலிருந்து ஒரு கேள்வியேனும் நெஞ்சில் எழுமாயின், அதுவே பயணத்தின் பயன் என்பேன். அண்மையில் என் பேரப்பிள்ளைகள் இருவரோடு காரில் சென்றுவந்த ஒருநாட் பயணத்தில் அத்தகைய கேள்வி ஒன்று எழுந்தது.

நாங்கள் முதலிற் கண்டது அடி அண்ணாமலை. 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையில், மலைக்கு மேற்கே அமைந்த சிற்றூர் இது. பெரிய கோயிலின் 217 அடி உயர இராசகோபுரத்தை அண்ணாந்து பார்ப்போருள் பலர், இங்குள்ள ஆதி அருணாசலேசுவரர் கோயிலை எட்டிப் பாராமலே போய்விடுகின்றனர். காலை வேளையில் அங்கு நின்று நோக்கினால், நகரிலிருந்து காணும் மலைதானா இது என்று ஐயம் தோன்றும். வடிவம் அவ்வளவு வேறுபடுகிறது. ஒன்றைப் பல பக்கமும் நின்று பார்த்தல் வேண்டும் என்பதை அம்மலையே கற்பிக்கிறது.

பின்னர்ச் செங்கம் சாலையிற் சென்றோம். செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பேர்பெற்றது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972-இல் 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலையே வெளியிட்டது. அவ்வட்டாரத்து எடுத்தனூர் நடுகல்லின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது அது. எருமைகளைக் காக்கப் போரிட்டு மாண்ட ஒரு வீரனுக்காக எழுப்பப்பட்டது. அவனருகே ஒரு நாயின் உருவமும் உண்டு. கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அந்நாயின் பெயர் கோவிவன் என்று கல்வெட்டுக் கூறுகிறது.

"நாய்க்குமா தாத்தா, கல்லில் பெயர்?" என்று வியந்தாள் பேத்தி.

"காத்து நின்றதல்லவா அம்மா! அதனால்தான்" என்றேன்.

பிற்பகலில், திருவண்ணாமலைக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டரிலுள்ள செஞ்சிக்கு வந்தோம். மூன்று குன்றுகளை மதிலால் இணைத்த பெருங்கோட்டை அது. 1677-இல் சிவாஜியின் கைக்கு வந்தது. நெடிய முற்றுகைக்குப் பின் 1698-இல் மொகலாயர் வசமாயிற்று. 1750-இல் பிரெஞ்சுக்காரரும், 1761-இல் ஆங்கிலேயரும் கைப்பற்றினர். 2025-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக, மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் இடம்பெற்றது. இத்தனை படைகளுக்கும் ஈடுகொடுத்த அச்சுவர்களில், யாரோ கூரிய கருவியாற் கீறிய பெயர்களைக் கண்டோம். "இவர்கள் எதைக் காத்தார்கள், தாத்தா?" என்று கேட்டாள் பேத்தி. இதுவே நான் குறிப்பிட்ட கேள்வி.

ஜெர்மனி நாட்டில், சுற்றுலாவுக்கென 1950-இல் வகுத்த 'ரொமான்டிக் சாலை' ஒன்றுண்டு. அதன் வழியே காரிற் செல்வோர் ரோதன்பர்க் என்னும் பழைய மதில்சூழ் நகரில் இறங்கிப் பார்ப்பர். 1945 மார்ச் 31-இல் விழுந்த குண்டுகளால் அந்நகரின் ஒரு பகுதியும் மதிலின் ஒரு பகுதியும் அழிந்தன. பல நாட்டு மக்கள் பொருளுதவி செய்ய, மதில் மீண்டும் எழுந்தது. உதவியோரின் பெயர்களை மதிலிற் கல்லில் பொறித்து வைத்திருக்கின்றனர். அங்கும் சுவரிற் பெயர். செஞ்சியிலும் சுவரிற் பெயர். இரண்டுக்கும் உள்ள தொலைவை நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களைச் சிதைப்பது 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். ஆனால் எந்தக் காவலரும் ஒவ்வொரு கல்லுக்கும் அருகே நிற்க இயலாது. ஆதலின், அடுத்த சுற்றுலாவிற்கு ஒரு குறிப்பேடு கொண்டு செல்லுங்கள். கண்டதை எழுதுங்கள், சிலையையோ மதிலையோ வரைந்து பாருங்கள். உங்கள் பெயரை அந்தக் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் அழகாக எழுதிக்கொள்ளுங்கள். நண்பன் ஒருவன் ஆணியைக் கையிலெடுத்தால், அவன் கையை அன்போடு பிடித்துத் தடுங்கள்.