புதிய பண்டம், பழகிய பக்குவம்



உணவைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் விருந்தையே பேசுகின்றனர். திருமணப் பந்தியும் பண்டிகைப் பலகாரமும் பேச்சுக்கு இனிமை தருவன. இன்று நாம் எடுத்துக்கொண்டிருப்பதோ அன்றாடச் சமையல். யாதொரு விசேடமும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அலுவலகத்திற்கும் பள்ளிக்கும் நேரமாகிக்கொண்டிருக்கும் வேளையில், அடுப்பில் ஏறும் குழம்பையும் கறியையும் பற்றியது இப்பேச்சு. அந்த அடுப்பில், இதுவரை நாம் கையாளாத ஒரு காயோ கீரையோ தானியமோ எவ்வாறு இடம்பெறும்? இடம்பெற்றது எவ்வாறு நிலைக்கும்? இதுவே நம் கேள்வி.

இது பொழுதுபோக்கிற்காக எழுந்த கேள்வியன்று. வேலையின் பொருட்டு ஊர்விட்டு ஊர் சென்று குடியேறிய குடும்பங்கள் நம் நாட்டில் ஏராளம். மைய அரசுப் பணியில் இருப்போருக்கு மாற்றல் என்பது வாழ்வின் ஒரு பகுதி. தில்லியில் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். தம் ஊர்க் காய்களையே தேடிச் சென்றால் விலையும் மிகுதி; நெடுந்தொலைவு வந்து வாடிய காயே கிடைப்பதும் உண்டு. வாசலில் நிற்கும் தள்ளுவண்டியிலோ அன்று காலையில் பறித்த கீரை குறைந்த விலைக்குக் கிடக்கும். பெயரும் தெரியாது, பக்குவமும் தெரியாது என்பதனால் அதனைக் கடந்து சென்றுவிடுவர். இதில் வீட்டு வரவுசெலவும் பிள்ளைகளின் உடல் நலமும் அடங்கியிருக்கின்றன.

பழக்கத்தினால் உண்பது போதிய உணவாக இருந்தே தீரும் என்ற உறுதி இல்லை. இதனை நம் நாட்டிலேயே ஆராய்ந்து காட்டியவர் ராபர்ட் மக்கரிசன் என்னும் மருத்துவர். நீலகிரியில் உள்ள குன்னூரில் 1918-இல் அவர் தொடங்கிய ஆராய்ச்சியே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு இடம் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை அவர் எலிகளுக்குத் தனித்தனியே ஊட்டி வளர்த்துப் பார்த்தார். சீக்கியர் உணவை உண்டவை மிக நன்றாக வளர்ந்தன. சென்னை மாகாணத்து ஏழை மக்களின் உணவை உண்டவை நலிந்தன. கோதுமை உயர்ந்தது, அரிசி தாழ்ந்தது என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. முன்னதில் தவிடு நீங்காத தானியமும் பாலும் பருப்பும் பசுங்காய்களும் இருந்தன. பின்னதில் தீட்டிய அரிசி மிகுந்து, ஏனையவை குறைந்திருந்தன. தட்டில் வகை பெருகுதல் வேண்டும் என்பதே அந்த ஆராய்ச்சி நமக்குக் கூறும் பாடம்.

வகை பெருக வேண்டுமெனில் புதியது வர வேண்டும். “நம் வீட்டில் இதெல்லாம் வழக்கமில்லையே” என்று கூறுவோர் உண்டு. அவர்கள் தம் அஞ்சறைப் பெட்டியையும் காய்க்கூடையையும் சற்றே உற்று நோக்குதல் நலம். மிளகாய், உருளைக்கிழங்கு, தக்காளி, நிலக்கடலை, மரவள்ளி ஆகிய அனைத்தும் அமெரிக்கக் கண்டத்தில் தோன்றியவை. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் வந்திறங்கிய 1498-ஆம் ஆண்டிற்கு முன்னர் இந்நாட்டுச் சமையலில் மிளகாய் இருந்ததில்லை. இன்று மிளகாய் இல்லாத சாம்பாரை யார் ஏற்பர்? நாம் பழமை என்று போற்றுவதில் ஒரு பகுதி, ஒரு காலத்தில் எவரோ ஒரு பெண்மணி துணிந்து அடுப்பில் ஏற்றிய புதுமையே ஆகும்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இப்பண்டங்களின் பெயர்கள் ஓர் உண்மையைப் புலப்படுத்துகின்றன. மிளகுபோல் உறைக்கும் காய், மிளகாய் ஆயிற்று. மண்ணுக்குள் விளையும் கடலை, நிலக்கடலை ஆயிற்று. மரம்போல் வளரும் வள்ளி, மரவள்ளி எனப் பெயர் பெற்றது. வங்காளத்தார் தக்காளியைப் பிலிதி பேகுன் என்று வழங்கினர். சீமைக் கத்தரிக்காய் என்பது அதன் பொருள். சௌசௌ என்னும் காயை நம்மவர் பெங்களூர்க் கத்தரிக்காய் என்றனர். அறியாத ஒன்றுக்குப் பெயரிடும்போது, அறிந்த ஒன்றோடு அதனை உறவுபடுத்தியே மக்கள் பெயரிட்டிருக்கின்றனர். மொழி செய்த இவ்வேலையைத்தான் அடுக்களையும் செய்தது. அறியாத பண்டம், அறிந்த பக்குவத்தின் கைப்பிடித்துக்கொண்டு வீட்டினுள் நுழைந்தது.

இதற்குச் சான்றாக ரவை இட்லியைக் கூறலாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரிசித் தட்டுப்பாடு நேர்ந்தபோது, பெங்களூரில் உள்ள மாவள்ளி டிபன் ரூம்ஸ் என்னும் உணவகத்தில் இது தோன்றியதாக அவ்வுணவகத்தார் கூறுவர். தானியம் புதியது, தட்டு பழையது, ஆவியில் வேகும் முறையும் பழையது, தொட்டுக்கொள்ளும் சட்னியும் பழையதே. ஆகவே உண்பவர் தயங்கவில்லை. அக்காலத்தில் தென்னாட்டு வீடுகளில் பங்கீட்டுக் கோதுமை கோதுமை தோசையாகவும் உப்புமாவாகவும் உருக்கொண்டதும் இவ்வகையினதே. சப்பாத்தி இடக் கை பழகும்வரை காத்திராமல், பழகிய தோசைக்கல்லிலேயே நம் தாய்மார் கோதுமையை ஏற்றினர்.

ஆயினும் எல்லாப் பண்டத்தையும் நமக்குத் தெரிந்த முறையிலேயே சமைத்துவிடலாம் என்று கருதலாகாது. மரவள்ளியின் வரலாறு இதற்கு எச்சரிக்கை. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, பஞ்சத்தைத் தாங்கும் பயிர் என்று கருதி மரவள்ளிச் சாகுபடியை ஊக்குவித்தார். அக்கிழங்கிலோ நஞ்சாக மாறும் பொருள் ஒன்று உண்டு. தோலை நீக்கி, துண்டாக்கி, மிகுந்த நீரில் வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டால் தீங்கு நீங்கும். பயிரோடு இப்பக்குவமும் பரவியமையால்தான் மக்கள் அதனை அஞ்சாமல் உண்டனர். 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாகி, அங்கிருந்து அரிசி வருவது நின்றபோது, திருவிதாங்கூர் ஏழை மக்களின் பசியைப் பெரிதும் ஆற்றியது அக்கிழங்கே.

வடநாட்டுக் கடைகளில் எங்கும் குவிந்திருக்கும் ராஜ்மா என்னும் சிவப்புக் காராமணி போன்ற பயறும் அத்தகையதே. நம் ஊர்த் தட்டைப்பயற்றைப்போல் சிறிது நேரம் வேகவைத்து இறக்கினால் வாந்தியும் வயிற்றுக் கோளாறும் உண்டாகும். இரவு முழுவதும் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டி, புது நீரில் நன்கு கொதிக்கவைத்து, விரலால் நசுக்கினால் மசியும்வரை வேகவிடுதல் வேண்டும். கடுகெண்ணெயை எடுத்துக்கொண்டால், வங்காளத்தாரும் பஞ்சாபியரும் அதனைப் புகையெழும்வரை காய்ச்சி, சற்று ஆறவிட்ட பின்னரே தாளிப்பர். காரநெடி அதனால் அடங்குகிறது. எனவே ஒரு பண்டத்தை வாங்கும்போதே அதன் பக்குவத்தையும் கேட்டு வாங்குதல் அறிவுடைமை. அடுத்த வீட்டு அம்மையாரைக் கேட்டால் மறைக்காமல் சொல்லித் தருவார். அண்டை வீட்டாரின் நட்பும் அத்துடன் கிடைக்கும்.

இவ்வாறு கேட்டறியும்போது, புதியது என்று நினைத்த பண்டம் நம் பழைய உறவாக இருப்பதையும் காணலாம். தில்லியில் குளிர்காலத்தில் பத்துவா என்றொரு கீரை வரும். கோதுமை வயல்களில் களையாக முளைப்பது அது. அதனைத் தயிரில் கலந்தும் பராட்டாவில் சேர்த்தும் இங்குள்ளோர் உண்பர். தமிழில் சக்கரவர்த்திக் கீரை என்று வழங்குவதும் இதுவே. பாசிப்பருப்புச் சேர்த்து, சீரகமும் தேங்காயும் அரைத்துவிட்டுக் கூட்டாகச் செய்தால், தஞ்சையிலோ நெல்லையிலோ உண்பதாகவே தோன்றும். கமல் ககடி என்ற பெயரில் சந்தைக்கு வருவது தாமரைத் தண்டு; நம் வீடுகளில் வற்றலாக வறுபடுவது அது. லௌகி நம் சுரைக்காய். அர்பி நம் சேப்பங்கிழங்கு. பெயர்தான் அயலது, பண்டம் நம்முடையது. பெயர் தெரியாமையால் நாம் இழக்கும் உணவு எவ்வளவு என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இனி, வீட்டில் கைக்கொள்ளத்தக்க சில நெறிகளைக் கூறுவோம்.

முதலாவது, ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுதல். புதிய காயாயின் பழைய பக்குவத்தில் செய்க. புதிய பக்குவமாயின் பழகிய காயில் செய்க. இரண்டையும் ஒருசேர மாற்றினால், பிழை எங்கே நேர்ந்தது என்பது தெரியாது போகும். காயின் மீது வீண் பழி விழும். டிண்டா என்னும் வடநாட்டுக் காயை முதல் நாள் நமக்குத் தெரிந்த பொரிச்ச கூட்டாகச் செய்யலாம். பஞ்சாபி முறையில் வெங்காயமும் மசாலையும் வதக்கிச் செய்யும் கறியை, நாம் நன்கறிந்த வெண்டைக்காயிலோ கத்தரிக்காயிலோ முதலில் பழகிக்கொள்ளலாம்.

இரண்டாவது, அளவு. புதியதைச் சிறிதாகவே செய்தல் வேண்டும். அதனுடன் எவரும் மறுக்காத ரசமோ மோரோ துவையலோ அன்று கட்டாயம் இருத்தல் வேண்டும். புதுக்கறி பிடிக்காதவர் பட்டினியாக எழக்கூடாது. பண்டமும் குப்பைக்குப் போகக்கூடாது. குறைந்த வருவாயில் குடும்பம் நடத்துவோர் புதியதற்கு அஞ்சுவதன் காரணம் சுவையன்று. வீணாகுமோ என்ற கவலையே. கால் கிலோ வாங்கிச் சமைத்துப் பார்ப்பதில் அக்கவலை பெரிதும் குறைகிறது.

மூன்றாவது, பொறுமை. குழந்தைகள் ஒரு புதிய சுவையை முதல்முறை தள்ளிவிடுவது இயல்பு. பத்து முறை வரையிலும் சிறிது சிறிதாகத் தட்டில் வைத்த பின்னரே ஏற்கும் குழந்தைகள் உண்டு. வற்புறுத்தி ஊட்டினால் வெறுப்பே மிஞ்சும். பெரியோர் உண்பதைக் கண்டு, தானே எடுத்து உண்ணும் நாள் வரும். முதியோர் நிலை வேறு. மகன் வீட்டிற்கு வந்து, தெரியாத ஊரில், தெரியாத மொழியின் நடுவே வாழும் தாய்க்கு அவர் அறிந்த குழம்பு ஒன்றே சொந்த ஊர். அதனை அவரிடமிருந்து பறித்தல் தகாது. புதியதை அவரிடம் காட்டி, “இதற்கு என்ன அரைத்துவிடலாம், அம்மா?” என்று கேட்பதே முறை. கேட்கப்பட்டவர் தம் அனுபவத்தைத் தருவார். தந்தவர் சுவைத்தும் பார்ப்பார்.

நான்காவதாகக் கூறவேண்டியது, உண்போர் கடமை. புதிய பண்டம் நன்றாக அமைந்தால் அது பண்டத்தின் பெருமை என்றும், அமையாவிட்டால் சமைத்தவரின் குறை என்றும் கூறும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. ஒரு முறை ஏளனத்திற்கு ஆளானவர் மறுமுறை துணியார். அந்த வீட்டில் வாரம் ஏழு நாளும் ஒரே சாம்பார்தான். காயை நறுக்கவும் கீரையை ஆயவும் ஆண்மக்களும் உடன் அமர்ந்தால், பழியும் புகழும் பொதுவாகிவிடும். இதுவின்றி மேற்கூறிய நெறிகளால் பயன் இராது.

இந்நெறிகள் அயல் நாட்டுப் பண்டங்களுக்கு மட்டும் உரியன அல்ல. நாம் மறந்துவிட்ட நம் தானியங்களுக்கும் இவையே பொருந்தும். இந்தியா முன்மொழிந்ததன் பேரில் ஐக்கிய நாடுகள் அவை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவே. பாட்டியர் காலத்து உணவாயினும், அரிசியிலேயே வளர்ந்த இளந்தலைமுறைக்குத் தினையும் சாமையும் அயல்நாட்டுப் பண்டமே. ஆகவே ஒரே நாளில் அரிசியை அகற்றிவிட்டுச் சாமைச் சோறு வடித்தால் வீட்டில் கலகம்தான் விளையும். இட்லிக்கு நான்கு பங்கு அரிசியும் ஒரு பங்கு உளுந்தும் போடும் வீட்டில், முதல் வாரம் அரிசியில் ஒரு பங்கைக் குறைத்து அவ்விடத்தில் சாமையை இடுக. எவரும் முகம் சுளியாராயின் அடுத்த முறை இரண்டு பங்காக்குக. கேழ்வரகு மாவை அடைக்கும் தோசைக்கும் இவ்வாறே கலக்கலாம். மாற்றம் வந்தது தெரியாமலே மாறிவிடும் சமையலே நிலைத்து நிற்கும்.

நேயர்களே, இந்நாட்டின் ஒவ்வொரு மாநிலத்திலும் பல்லாயிரம் அடுக்களைகள், பல தலைமுறைகளாகச் சேர்த்து வைத்த அறிவுடன் எரிந்துகொண்டிருக்கின்றன. அவ்வறிவு பெரும்பாலும் ஏட்டில் இல்லை. கையளவிலும் கண்ணளவிலும் இருக்கிறது. ஒரு வீட்டார் மற்றொரு வீட்டாரைக் கேட்டால் அன்றி அது கைம்மாறாது. அடுத்த முறை சந்தைக்குச் செல்லும்போது, பெயர் தெரியாத ஒரு கீரையின் முன் சற்றே நில்லுங்கள். அதனை வாங்கிக்கொண்டிருப்பவரிடம், எவ்வாறு சமைப்பது என்று கேளுங்கள். ஒரு கட்டு வாங்கி, உங்களுக்குத் தெரிந்த பருப்போடு சேர்த்துப் பாருங்கள்.