நாம் செய்த வண்டி



ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வானொலியில் பேச வருகிறார் என்றால், கல்வியைப் பற்றியோ ஒழுக்கத்தைப் பற்றியோதான் பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பு. நான் இன்று பேசப் போவது ஒரு வண்டியைப் பற்றி. கடையில் வாங்கிய வண்டியன்று. கடலூர் முதுநகரில் ஒரு வீட்டுக் கொல்லையில், வேப்பமரத்து நிழலில், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேலை செய்து உருவாக்கிய வண்டி. அந்த வண்டி எனக்குத் தேடித் தந்த நண்பர்களைப் பற்றியும், அவர்களுள் ஒருவரை நான் இழக்கவிருந்த கதையைப் பற்றியும் சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்க நாட்டின் கலிபோர்னியாவில் 1930-களில் இளைஞர்களிடையே ஒரு பழக்கம் தோன்றியது. பழைய ஃபோர்டு கார்களைச் சில டாலர்களுக்கு வாங்குவார்கள். சக்கர மூடியையும் கூரையையும் கழற்றி எறிந்து பாரத்தைக் குறைப்பார்கள். 1932-இல் ஃபோர்டு நிறுவனம் எட்டு சிலிண்டர் எஞ்சினைச் சாமானியர் விலைக்குக் கொண்டுவந்தபின், அதனைப் பழைய உடம்பில் பொருத்தி, வற்றிப்போன ஏரிகளின் வெண்மையான தரையில் ஓட்டி வேகத்தை அளப்பார்கள். இதற்கென்றே 1937-இல் தென் கலிபோர்னியாவில் ஒரு சங்கம் அமைந்தது. இப்படி வீட்டில் செய்த வண்டிகளுக்குப் பின்னாளில் ‘ஹாட் ராட்’ என்ற பெயர் நிலைத்தது.

நம் நாட்டிலும் இந்த ஆசைக்குக் குறைவில்லை. கோவை ஜி. டி. நாயுடு தம் இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, ஓட்டிப் பார்த்ததோடு நில்லாமல், அக்கக்காகப் பிரித்து மீண்டும் பூட்டிப் பார்த்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பல்லாண்டுகள் நடந்த மோட்டார்ப் பந்தயங்களில், சொந்தப் பட்டறையில் செய்த கார்களும் ஓடின. அங்கே பந்தயம் ஓட்டி வளர்ந்த கோவைக் கரிவரதன், 1980-களின் இறுதியில் மாருதி எஞ்சின் பொருத்திய சிறு பந்தயக் கார்களைத் தாமே தயாரித்து, வசதி குறைந்த இளைஞர்களும் பந்தயத்துக்கு வர வழி செய்தார். அவர் 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். கோவைக்கு அருகில் அவர் பெயரால் ஒரு பந்தயத் தடம் இருக்கிறது.

எங்கள் வண்டிக்கு இந்தப் பெருமையெல்லாம் கிடையாது. வேகத்தால் அது ஹாட் ராட் ஆகாது. பிறந்த விதத்தால் மட்டுமே அந்தக் குலத்தைச் சேர்ந்தது.

1987-ஆம் ஆண்டு. எனக்கு வயது முப்பது. அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியராக இருந்தேன். கழிக்கப்பட்ட வண்டிகளின் ஏலம் ஒன்றில், எஞ்சின் இல்லாத பழைய ஜீப் ஒன்றை வாங்கிவிட்டேன். அதனை இரட்டை மாட்டு வண்டியில் கட்டி இழுத்துவந்து கொல்லையில் நிறுத்தியபோது என் மனைவி கேட்டது ஒரே கேள்விதான்: “இதற்கு வைக்கோல் போட வேண்டுமா, பெட்ரோல் போட வேண்டுமா?”

எனக்குத் திருப்புளி பிடிக்கத் தெரியும். அதற்குமேல் ஒன்றும் தெரியாது. தெருக்கோடியில் லேத் பட்டறை வைத்திருந்த மேஸ்திரி ஒருநாள் வேலி ஓரமாக நின்று பார்த்தார். மறு ஞாயிறு உள்ளே வந்தார். அதற்கடுத்த ஞாயிறு கருவிப் பெட்டியோடு வந்தார். அவரே சென்னைப் புதுப்பேட்டைக்கு என்னை அழைத்துச் சென்று, பழைய உதிரிப் பாகங்களின் மலைக்கிடையே ஓர் அம்பாசிடர் காரின் எஞ்சினைக் கண்டெடுத்தார். அந்த எஞ்சினும் ஜீப்பின் கியர்ப் பெட்டியும் ஒன்றோடொன்று பொருந்துவன அல்ல. இரண்டுக்கும் இடையில் ஒரு கனத்த இரும்புத் தட்டைக் கடைந்து வைத்தாக வேண்டும். அரை நூல் விலகினாலும் வண்டி முழுவதும் அதிரும். அந்த ஒரு தட்டை மேஸ்திரி மூன்று முறை கடைந்தார். இரண்டைத் தாமே குறை கண்டு ஒதுக்கினார்.

துறைமுகப் பக்கத்தில் படகு கட்டும் தச்சர் ஒருவர், படகுக்கு வாங்கி மிஞ்சிய பலகையில் இருக்கைகள் செய்து தந்தார். மின்வாரியத்தில் வேலை பார்த்த நண்பர் விளக்குகளுக்குக் கம்பி இழுத்தார். 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் நடப்பிலிருந்த கடைசி நாட்கள் அவை. எஞ்சின் மாற்றத்தை முறையாக அலுவலகத்தில் தெரிவித்து, பதிவுச் சான்றிதழில் குறிக்கச் செய்துகொண்டோம். 1988 தைப்பூசத்தன்று வண்டி வெளியே வந்தது.

முதல் பயணம் வடலூருக்கு. ஏழு திரைகள் விலகி ஜோதி தெரியும் காட்சியைக் கண்டு திரும்பினோம். பிறகு மாதம் ஒரு ஞாயிறு என்று வழக்கமாயிற்று. பெரும்பாலும் சிதம்பரம் சாலைதான். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி. முட்லூர் என்று ஏறத்தாழ 45 கிலோமீட்டர். பேருந்தில் போகிறவருக்கு இவை நிறுத்தங்களின் பெயர்கள். எங்களுக்கோ இவை ஒவ்வொன்றும் ஒரு மனிதரின் முகம். ஏனெனில் வண்டி ஒவ்வோர் ஊரிலும் ஒருமுறையாவது நின்றிருக்கிறது! புதுச்சத்திரத்துக்கு அருகில் ரேடியேட்டர் கொதித்து ஆவி விட்டபோது, வயலிலிருந்து இரண்டு குடம் தண்ணீர் சுமந்து வந்த விவசாயி, தண்ணீர் ஊற்றியபின் போய்விடவில்லை. “எங்கே போகிறீர்கள்?” என்று கேட்டார். “பிச்சாவரம்” என்றோம். “நானும் பார்த்ததில்லை” என்று சொல்லி ஏறிக்கொண்டார். அன்று முதல் அவர் எங்களில் ஒருவர்.

பிச்சாவரத்து உப்பங்கழியில் படகில் போகும்போது தச்சர் ஒரு மரத்தைக் காட்டி, “இதுதான் தில்லை” என்றார். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வரக் காரணமான மரம் அது. வகுப்பில் எத்தனையோ முறை தில்லை என்ற சொல்லைச் சொல்லியிருக்கிறேன். மரத்தை அன்றுதான் பார்த்தேன். பரங்கிப்பேட்டையில் 1830-இல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் ஓர் இரும்பு ஆலை நிறுவினார் என்ற வரலாற்றை நான் சொன்னபோது, மேஸ்திரி வெள்ளாற்றங்கரையில் குனிந்து மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தார். “நம்ம தொழில் இங்கே அவ்வளவு பழசா, வாத்தியாரே!” என்றார். சிதம்பரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடைப் பெரியவர், நாங்கள் எந்த நேரத்தில் போனாலும் சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும் எடுத்து வைத்திருப்பார். எஞ்சின் ஓசை இரண்டு தெருவுக்கு முன்பே அவருக்குச் சேதி சொல்லிவிடும்.

இனி நான் வெட்கத்தோடு சொல்ல வேண்டிய பகுதிக்கு வருகிறேன்.

1994-ஆம் ஆண்டு எங்கள் பள்ளிக்கு ஓர் உயர் அதிகாரி வந்தார். வாயிலில் நின்ற வண்டியைச் சுற்றி வந்து வியந்தார். “இதை யார் செய்தது?” என்று கேட்டார். நான் மார்பை நிமிர்த்தி, “நான்தான் செய்தேன், ஐயா” என்றேன். வண்டியின் மறுபக்கத்தில், பிரேக்கைச் சரிசெய்வதற்காக வந்திருந்த மேஸ்திரி, கையில் ஸ்பானரோடு உட்கார்ந்திருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வேலையை முடித்தார்; கையைத் துடைத்துக்கொண்டார்; போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. தச்சருக்கும் ஏதோ வேலை வந்தது. மின்வாரிய நண்பருக்கும் ஏதோ வேலை வந்தது. ஒருமுறை நான் தனியாகவே சிதம்பரம் போய்வந்தேன். வழியில் வண்டி ஒருமுறைகூட நிற்கவில்லை. எஞ்சின் தேன்போல் ஓடியது. ஆனால் பேசுவதற்கு ஆளில்லை. கடைப் பெரியவர் ஒரே ஓர் இலையைப் போட்டுவிட்டு, “மற்றவர்கள் எங்கே?” என்று கேட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. நல்ல நிலையில் ஓடும் வண்டியால் மட்டும் உல்லாசப் பயணம் ஆகிவிடாது என்பதை அன்று உணர்ந்தேன். ஆயினும், தவறு என்னுடையது என்று ஒப்புக்கொள்ள மேலும் சில மாதங்கள் பிடித்தன. ஆசிரியர்களுக்குப் பிறர் பிழையைத் திருத்தித்தானே பழக்கம்!

எட்டு மாதங்கள் கழித்து, ஒரு மாலைப் பொழுதில் லேத் பட்டறை வாசலில் போய் நின்றேன். மேஸ்திரி இயந்திரத்தை நிறுத்தவில்லை. ஓடவிட்டபடியே கேட்டார்: “வாத்தியாரே, பிள்ளைகளுக்கு இலக்கணம் நடத்துறீங்களே, ‘நாம’ன்னு ஒரு சொல் உங்க புத்தகத்துல இல்லையா?”

நேயர்களே, தமிழ் இலக்கணத்தில் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று ஒன்று உண்டு. பேசுகிறவன் தன்னோடு பிறரையும் சேர்த்துக்கொண்டு சொல்லும் பன்மை அது. ‘நாங்கள்’ என்றால் கேட்பவர் வெளியே நிற்கிறார். ‘நாம்’ என்றால் அவரும் உள்ளே வந்துவிடுகிறார். ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் ஒரே சொல்தான். நம் மொழியில் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. இந்த வேறுபாட்டை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிக் காட்டியவன் நான். அதைப் பொருளோடு எனக்குக் கற்பித்தவர் எட்டாம் வகுப்புக்குமேல் படிக்காத ஒரு லேத் பட்டறைக்காரர்.

“மன்னித்துவிடுங்கள், மேஸ்திரி. நாம் செய்த வண்டி அது” என்றேன். அவர் இயந்திரத்தை நிறுத்தினார். “பிரேக் எப்படி இருக்கு?” என்று கேட்டார். அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு கொல்லையில் பழையபடி நான்கு தேநீர்க் குவளைகள் நிறைந்தன.

2011 டிசம்பர் 30-ஆம் நாள் விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்து ஊர் இருளில் மூழ்கியது. தச்சர் குடியிருந்த கடற்கரைத் தெருவுக்குச் செல்லும் வழியெங்கும் மரங்கள். மேஸ்திரி தாமே வந்து, ஒரு சொல்லும் பேசாமல் வண்டியைக் கிளப்பினார். குறைந்த கியரில் வைத்து, கயிறு கட்டி, மரங்களை ஒவ்வொன்றாய் இழுத்து ஒதுக்கினோம். தச்சர் வீட்டுக் கூரை போயிருந்தது. குடும்பம் நலமாக இருந்தது. அடுத்த சில நாட்கள் அந்த வண்டி, குடிநீர்க் குடங்களைத் தவிர வேறெதையும் சுமக்கவில்லை. அந்தப் பலகை இருக்கைகள் உல்லாசத்துக்காகச் செய்தவை. அவற்றின்மேல் குடங்கள் அசையாமல் உட்கார்ந்திருந்ததைக் கண்டு தச்சர் சிரித்தார்.

இதைக் கேட்கும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. ஆர்வ மிகுதியால் வண்டியைப் பிரித்து மனம்போல மாற்றிவிடாதீர்கள். உற்பத்தியாளர் குறித்த அமைப்புக்கு முரணாக வண்டியை மாற்றலாகாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. சாலையில் பிறர் உயிரும் இருக்கிறது அல்லவா? ஐம்பது ஆண்டு கடந்த பழைய வண்டிகளைப் பழம்பொருளாகப் போற்றிப் பதிவு செய்ய 2021-இல் மத்திய அரசு விதிகள் வகுத்தது. அந்தத் தகுதியும் மூல வடிவம் மாறாமல் இருப்பவற்றுக்கே உரியது. எங்கள் ஜீப்போ எஞ்சினால் ஒரு குலம், உடலால் ஒரு குலம், இருக்கையால் படகுக் குலம். அதற்கு எந்தப் பட்டமும் கிடைக்காது.

சென்ற ஆண்டு மேஸ்திரி காலமானார். பதினாறாம் நாள் சடங்கு முடிந்தபின் அவருடைய மகன் என்னிடம் ஒரு துணிப்பொட்டலத்தைத் தந்தார். அவிழ்த்துப் பார்த்தேன். 1987-இல் கடைந்து, சரியில்லை என்று ஒதுக்கிய அந்த இரண்டு இரும்புத் தட்டுகள். துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவி, இத்தனை ஆண்டும் வைத்திருந்திருக்கிறார்.

‘இந்த வயதில் இந்த வண்டி எதற்கு, எடைக்குப் போட்டுவிடலாமே’ என்று என் பிள்ளைகள் அன்போடு சொல்கிறார்கள். பதிவுச் சான்றிதழில் உரிமையாளர் பெயர் என்று ஓரிடம்தான் இருக்கிறது. அதில் என் பெயர்தான் எழுதியிருக்கிறது. ஆனால் அதை விற்கும் உரிமை எனக்கு மட்டும் உண்டா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. ஆகவே மேஸ்திரியின் மகனையும், தச்சரையும், மின்வாரிய நண்பரையும், புதுச்சத்திரத்து விவசாயியையும் வரும் ஞாயிறு கொல்லைக்கு அழைத்திருக்கிறேன். வண்டியை என்ன செய்வது என்பதை நாங்கள் ஐவரும் கூடி முடிவு செய்வோம். முடிவு எதுவானாலும், முதலில் சிதம்பரம் வரை ஒருமுறை போய்வந்த பிறகே பேச்சு என்று தச்சர் சொல்லிவிட்டார்.

நேயர்களே, நீங்கள் செய்வது வண்டியாக இருக்க வேண்டுமென்பதில்லை. படகாக இருக்கலாம்; ஊர் நூலகமாக இருக்கலாம்; ஒரு சிறு தோட்டமாகவும் இருக்கலாம். எதைச் செய்தாலும் கூடிச் செய்யுங்கள். யார் செய்தது என்று எவரேனும் கேட்கும்போது, விடை சொல்லுமுன் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.