ஸ்பேனர் வைக்க இடம் எங்கே?

(நம் குடியிருப்பின் பொங்கல் விழாவில் ஆற்றிய உரை. பேசியவர் பி பிளாக் மூன்றாம் மாடித் தாத்தாவின் பேத்தி. லண்டனில் பில்டிங் சர்வீசஸ் இன்ஜினியராக இருக்கிறார்.)

விடுமுறைக்கு வந்தவளை "பத்து நிமிஷம் பேசும்மா" என்று செகரட்டரி அங்கிள் மேடை ஏற்றிவிட்டார். கோலப்போட்டிப் பரிசு இன்னும் கொடுக்கவில்லை, அதனால் சுருக்கமாகவே பேசுகிறேன்.

என்ன வேலை என்று கேட்பவர்களிடம் நான் இப்படிச் சொல்வேன். கட்டடத்துக்கு எலும்பு போடுபவர் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், முகம் வரைபவர் ஆர்க்கிடெக்ட். ரத்தம், மூச்சு, நரம்பு எல்லாம் எங்கள் பொறுப்பு. தண்ணீர், கழிவுநீர், காற்றோட்டம், ஏசி, மின்சாரம், லிஃப்ட், தீயணைப்புக் குழாய். இங்கே இதை எம்.இ.பி. என்கிறார்கள். ஒழுங்காக நடக்கும்வரை யாரும் எங்களை நினைப்பதில்லை. மோட்டார் ஓடாத அன்று காலை ஆறு மணிக்கு எல்லோருக்கும் நினைவு வரும்.

நான் இந்தப் படிப்பை வழக்கமான கல்லூரியில் படிக்கவில்லை. அப்பாவின் வேலை மாறியபோது 14 வயதில் இங்கிருந்து லண்டன் போனேன். 2017-ல் பள்ளி முடித்ததும் டிகிரி அப்ரண்டிஸ்ஷிப்பில் சேர்ந்தேன். இங்கிலாந்தில் 2015-ல் தொடங்கிய முறை அது. ஒரு கம்பெனி வேலைக்கு எடுத்துக்கொள்ளும். வாரத்தில் நான்கு நாள் வேலை, ஒரு நாள் பல்கலைக்கழகம். ஐந்து வருடம் முடிந்தால் முழு இன்ஜினியரிங் பட்டம். கட்டணத்தில் ஒரு பைசா கூட மாணவர் தருவதில்லை. அந்த வருடம்தான் அங்கே ஒரு சட்டமும் நடைமுறைக்கு வந்தது. வருடச் சம்பளச் செலவு 30 லட்சம் பவுண்டுக்கு மேல் போகும் நிறுவனங்கள், அதற்கு மேற்பட்ட தொகையில் அரை சதவீதத்தைப் பயிற்சி வரியாகக் கட்ட வேண்டும். அந்தப் பணம்தான் எங்களைப் போன்றவர்களின் கட்டணமாகப் போகிறது. என்னோடு படித்தவர்கள் வருடத்துக்கு 9,250 பவுண்டு கடன் வாங்கிக் கல்லூரிக்குப் போனார்கள். எனக்கு மாதச் சம்பளம் வந்தது.

கணக்குப் போட்டால் யாரும் இதை விடமாட்டார்கள் என்று நினைப்பீர்கள். எங்கள் வீட்டில் இரண்டு வாரம் சண்டை. "அப்ரண்டிஸ்" என்ற அந்த ஒரு சொல்தான் காரணம். "எந்த யூனிவர்சிட்டின்னு கேட்டா என்ன சொல்றது?" என்றார் அப்பா. கடைசியில் தாத்தாவிடம் போனில் பஞ்சாயத்து போனது. தாத்தா 1963-ல் பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தவர். "நானும் அப்ரண்டிஸ்தான்டா. அந்தச் சம்பளத்துலதான் உன்னைப் படிக்க வெச்சேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அவர் இப்போது முதல் வரிசையில் உட்கார்ந்து தூங்குவது போல நடிக்கிறார்.

படிப்பு எப்படி இருந்தது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். முதல் வருடம், ஓர் ஆரம்பப் பள்ளிக்குச் சுடுதண்ணீர் அறை வரையச் சொன்னார்கள். கம்ப்யூட்டரில் பம்ப், வால்வு, ஸ்ட்ரெய்னர் எல்லாவற்றையும் சுவரோரம் அழகாக அடுக்கி வரைந்தேன். அலுவலகத்திலும் யாரும் கவனிக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து சைட்டுக்கு வரச் சொன்னார்கள். அறுபது வயதை நெருங்கும் பைப் ஃபிட்டர் ஒருவர் என் கையில் ஸ்பேனரைக் கொடுத்து, ஸ்ட்ரெய்னர் மூடியைக் கழற்றச் சொன்னார். கால்வாசி திருப்பும் முன்னே ஸ்பேனர் சுவரில் இடித்தது. அவர் வேறொன்றும் சொல்லவில்லை, டீ குடிக்கப் போய்விட்டார். அந்தக் குழாய்களைப் பிரித்து மாட்ட மூன்று பேருக்கு இரண்டு நாள் ஆனது.

தேர்வுத்தாளில் இதே தப்பைச் செய்திருந்தால் இரண்டு மார்க் போயிருக்கும், நானும் மறந்திருப்பேன். அதற்குப் பிறகு எந்தப் படம் வரைந்தாலும் முதலில் ஸ்பேனர் வைக்க இடம் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன்.

மறுபக்கமும் உண்டு. ஒரு குளிர்காலம் முழுக்க முதியோர் இல்லங்களில் குழாய் குழாயாகத் திறந்து தெர்மாமீட்டர் பிடித்தேன். சுடுதண்ணீர் டேங்க்கில் 60 டிகிரி, குழாயில் ஒரு நிமிடத்துக்குள் 50, பச்சைத்தண்ணீர் 20-க்குக் கீழே. இதற்கா கணக்கு படித்தோம் என்று எரிச்சலாக இருந்தது. பிறகு ஒரு புதன்கிழமை வகுப்பில் லெஜியோனெல்லா பாக்டீரியா பற்றிப் பாடம் நடந்தது. 20-க்கும் 45-க்கும் நடுவே தேங்கும் தண்ணீரில் பெருகி, ஷவரின் நுண்துளி வழியாக நுரையீரலுக்குப் போகும், வயதானவர்களின் உயிரையே எடுக்கும். அன்றுதான் அந்தத் தெர்மாமீட்டரின் மதிப்பு புரிந்தது. (நம் மொட்டைமாடி டேங்க்கில் மே மாதம் "பச்சைத்தண்ணீர்" எத்தனை டிகிரியில் வரும் என்பது வேறு விஷயம். அதை இன்று பேசினால் கோலப்பரிசு நாளைக்குத்தான்.)

கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். மற்றவர்கள் வாரம் முழுக்கப் படிப்பதை ஒரு நாளில் பிடிக்க வேண்டும். சனி, ஞாயிறு கிடையாது. நண்பர்கள் ஹாஸ்டல் படங்கள் போடும்போது நான் சைட் பூட்ஸில் சேறு கழுவிக்கொண்டிருப்பேன். பாதியில் விட்டவர்களும் உண்டு. இன்னொன்று, பிள்ளைகளை அனுப்பலாமா என்று காலையிலிருந்து இரண்டு ஆன்ட்டி கேட்டுவிட்டார்கள். முடியாது. அங்கே ஏற்கெனவே வசித்து, வேலை செய்யும் உரிமை உள்ளவர்களுக்குத்தான். மாணவர் விசாவில் போய் இதில் சேர முடியாது. அப்படிச் சேர்த்துவிடுகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

நம் ஊரிலேயே வழிகள் உண்டு. கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் ஐந்து வருட சாண்ட்விச் பி.இ. நெடுநாளாக இருக்கிறது. படிப்போடு அப்ரண்டிஸ் பயிற்சியைச் சேர்த்து நடத்தும் பட்டங்களுக்கு யு.ஜி.சி. 2020-ல் வழிகாட்டுதல் தந்தது. டிப்ளமோவோ டிகிரியோ முடித்தவர்களுக்கு 1961 அப்ரண்டிஸ் சட்டப்படி உதவித்தொகையோடு ஒரு வருடப் பயிற்சி கிடைக்கும். தரமணியில் இருக்கும் பயிற்சி வாரியத்தில் விசாரிக்கலாம்.

நான் வேலையில் சேரச் சில மாதம் முன்னால், 2017 ஜூன் 14 அன்று, மேற்கு லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற 24 மாடிக் குடியிருப்பு எரிந்தது. 72 பேர் இறந்தார்கள். வெளிச்சுவரில் மாட்டியிருந்த தகடுகள் வழியாகத் தீ ஏறியது. அதுதான் முக்கியக் காரணம். ஆனால் விசாரணை அறிக்கையில் இன்னொன்றும் இருந்தது: தீயணைப்பு வீரர்களால் லிஃப்டைத் தங்கள் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவர முடியவில்லை. அதற்கான சாவித்துவாரம் இருந்தும் அது வேலை செய்யவில்லை. வேலையில் எங்களுக்கு முதலில் சொல்லித் தந்ததும் இதைத்தான், இருப்பது வேறு, இயங்குவது வேறு. 2022-ல் வந்த சட்டப்படி 18 மீட்டரோ ஏழு மாடியோ உள்ள குடியிருப்புகள் தங்கள் பாதுகாப்பு விவரங்களை டிஜிட்டல் பதிவாக வைத்திருக்க வேண்டும்.

அதனால்தான் இந்த முறை வந்ததும் நம் பம்ப் ரூமைப் பார்க்க ஆசைப்பட்டேன். எலக்ட்ரீஷியன் அண்ணன் கூட்டிக்கொண்டு போனார். தீயணைப்பு பம்ப்பின் சுவிட்ச் "ஆட்டோ"வில் இல்லை. எங்கோ குழாய் கசிகிறது, பிரஷர் இறங்கி நடுராத்திரியில் பம்ப் தானாக ஓடுகிறது, ஏ பிளாக்கில் தூக்கம் கெடுகிறது என்று புகார் வந்ததால் யாரோ அணைத்திருக்கிறார்கள். எப்போது என்று அவருக்கே நினைவில்லை. கசிவை அடைக்க ஒரு நாள் வேலைதான் இருக்கும். அதுவரை நடுராத்திரிச் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். செகரட்டரி அங்கிள் தலையாட்டிவிட்டார், எல்லோரும் சாட்சி.

அண்ணனிடம் இந்தக் கட்டடத்தின் குழாய்ப் படம் இருக்கிறதா என்று கேட்டேன். நெற்றியைத் தொட்டுக் காட்டினார். பில்டர் தந்த படம் எதுவும் அசோசியேஷனிடம் இல்லை. எந்த வால்வை மூடினால் எந்த வீட்டுக்குத் தண்ணீர் நிற்கும் என்பது பதினொரு வருடமாக அவருக்கு மட்டும் தெரியும். அவர் ஒரு வாரம் ஊருக்குப் போனால் 84 வீடும் கடவுளை நம்பி இருக்கிறது.

அவர் மகன் இந்த வருடம் பிளஸ் டூ எழுதுகிறான். "என்ன வேணா படிக்கட்டும்மா, ஸ்பேனர் மட்டும் தொட வேணாம்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று இங்கே இருக்கும் நமக்குத் தெரியும். அவர் வந்தால் உட்காரச் சொல்கிறோமா என்பதிலிருந்து அது தொடங்குகிறது.

நான் கிளம்ப இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. ஞாயிறு காலை ஏழு மணிக்கு அண்ணனும் நானும் சம்ப்பிலிருந்து மொட்டைமாடி வரை நடந்து ஒவ்வொரு வால்வுக்கும் எண் எழுதிப் படம் வரையப் போகிறோம். படத்தில் அவர் பெயரும் இருக்கும். அவர் மகனும் வருகிறான், அவனுக்குப் படம் வரைவது பிடிக்குமாம். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகள் யார் வேண்டுமானாலும் வரலாம். டார்ச் கொண்டுவாருங்கள். செருப்பு வேண்டாம், ஷூ போட்டு வாருங்கள், பம்ப் ரூம் தரை வழுக்குகிறது.