மறதியும் மனக்கலக்கமும்



ஈழத் தமிழர் வழக்கில் 'அறளை பெயர்தல்' என்றொரு தொடர் உண்டு. முதுமையில் நினைவு தடுமாறும் நிலையை அது குறிக்கும். கேரளத்தில் அந்நிலைக்குச் 'சின்னன்' என்று பெயர். முதியவர் மீண்டும் சிறுபிள்ளையாகிவிட்டார் என்பது கருத்து. சொல் இருப்பதனாலேயே மக்கள் அந்நிலையை நெடுங்காலமாக அறிந்திருந்தனர் என்பது விளங்கும். ஆயினும் அதனை நோயென்று கருதினாரில்லை. வயதின் இயல்பென்றே கொண்டனர். நோயென்று கருதாத ஒன்றுக்கு மருத்துவரை நாடுவார் யார்? வளரும் நாடுகளின் முதியோர் நலத்தில் பெருந்தடை இங்கேதான் தொடங்குகிறது.

1998-ஆம் ஆண்டு கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள் '10/66' என்னும் குழுவைத் தோற்றுவித்தனர். அப்பெயரே ஒரு முறையீடு. டிமென்ஷியா என்னும் நினைவிழப்பு நோயுற்றோருள் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ, அந்நாடுகளைக் குறித்த ஆய்வோ 10 விழுக்காட்டிற்கும் குறைவு என்பது அதன் பொருள். அக்குழு பின்னர் கியூபா, பெரு, மெக்சிகோ, சீனா முதலிய நாடுகளிலும், இந்தியாவில் சென்னையிலும் வேலூரை அடுத்த சிற்றூர்களிலும் ஆய்வு நிகழ்த்தியது.

ஆய்வாளர் எதிர்கொண்ட முதற்சிக்கல் எழுத்தறிவு. 1975-இல் அமெரிக்காவில் உருவாகி உலகெங்கும் பரவிய 30 மதிப்பெண் சோதனை ஒன்றுண்டு. நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்க வேண்டும். ஒரு வாக்கியம் எழுத வேண்டும். பின்னிக் கிடக்கும் இரு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய வேண்டும். பள்ளி வாயிலை மிதியாத மூதாட்டி, நெல் அளந்த கணக்கையும் பால் கணக்கையும் மனத்திலேயே வைத்திருப்பவராயினும், இதில் தோற்றுப்போவார். நன்கு கற்ற ஓய்வுபெற்ற அலுவலரோ நோய் தொடங்கிய பின்னரும் தேறிவிடுவார்! ஆதலால் 10/66 குழு, முதியவரை மட்டுமன்றி அவரை நன்கறிந்த ஒருவரையும் வினவும் முறையைக் கைக்கொண்டது. மருமகளின் ஒரு சொல் ஐங்கோணத்தினும் மிகுதியாக உணர்த்தக்கூடும்.

2023-இல் வெளிவந்த நாடளாவிய ஆய்வின்படி, இந்தியாவில் அறுபது கடந்தோருள் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், டிமென்ஷியாவுடன் வாழ்கின்றனர். பெண்களிடமும் சிற்றூர்களிலும் அது மிகுதி.

மறதியை விடவும் மறைவாக உறைவது மனக்கலக்கம். முதியவர் எவரும் 'மனம் கலங்குகிறது' என்று சொல்லி மருத்துவமனைக்குச் செல்வதில்லை. 'நெஞ்சு படபடக்கிறது', 'கிறுகிறுக்கிறது', 'வயிற்றை என்னவோ செய்கிறது', 'தூக்கமே இல்லை' என்பார். இதயப் படம் எடுக்கப்படும், குறையொன்றும் காணப்படாது, சத்து மாத்திரையோடு வீடு திரும்புவார். கலக்கத்திற்குக் காரணமோ வெளிப்படை. மக்கள் சென்னையிலோ பெங்களூரிலோ கடல் கடந்தோ வாழ்கின்றனர். பெரும்பான்மையோர்க்கு ஓய்வூதியம் இல்லை. ஏழை முதியோர்க்கு நடுவண் அரசு அளிக்கும் பங்கு, எண்பது வயது வரை, திங்களுக்கு 200 ரூபாய்தான். அதனைக் கொண்டு எவர் அச்சமின்றி உறங்குவார்?

கலக்கமும் மறதியும் ஒன்றையொன்று வளர்ப்பன. கலங்கிய மனம் கேட்டதைப் பதித்துக்கொள்ளாது. பதியாததை நினைவுகூர இயலாது. மறந்ததை உணர்ந்தவர் மேலும் அஞ்சுவார். சிலரிடத்தில் காரணமற்ற புதிய அச்சமே டிமென்ஷியாவின் முதற்குறியாக அமைதலும் உண்டு. அறுபது எழுபது ஆண்டு துணிவோடு வாழ்ந்தவர் திடுமெனத் தனியே இருக்க அஞ்சினால், பூட்டிய கதவைப் பன்முறை சோதித்தால், 'வயதாகிவிட்டது' என்று தள்ளிவிடலாகாது.

மறதியெல்லாம் மீளா மறதியுமன்று. தைராய்டு சுரப்புக் குறைவும் மனச்சோர்வும் டிமென்ஷியாவைப் போலவே தோன்றும். சிகிச்சையால் பெரும்பாலும் சீராகும். மரக்கறி உணவே உண்ணும் குடும்பங்கள் அறிய வேண்டியது பி12 வைட்டமின். அது தாவர உணவில் இயல்பாகக் கிட்டுவதில்லை; பாலும் தயிருமே ஓரளவு தருவன. முதுமையில் உடல் அதனை ஏற்பது குறையும். நீரிழிவுக்கு நெடுங்காலம் உட்கொள்ளும் மெட்ஃபார்மின் மேலும் குறைக்கும். சிறிதளவு இரத்தத்தில் அதனைக் கண்டறியலாம். மாத்திரையாலோ ஊசியாலோ ஈடுசெய்யலாம். உணவு நெறியை ஒருவர் மாற்ற வேண்டியதேயில்லை.

இதனினும் இடர் மிக்கது தூக்க மாத்திரை. என்றோ எழுதிய பழைய சீட்டைக் காட்டி ஆண்டுக்கணக்கில் வாங்கி உண்பார் பலர். அவ்வகை மருந்துகளுட் பல முதியோரைத் தடுமாற வைப்பன, இரவில் விழச் செய்வன, மறதியைக் கூட்டுவன. எனினும் திடீரென நிறுத்துதலும் தீங்கு. மருத்துவர் மேற்பார்வையில் சிறிது சிறிதாகவே குறைத்தல் வேண்டும்.

2024-இல் லான்செட் மருத்துவ இதழின் ஆய்வுக்குழு, தடுக்கவோ தள்ளிப்போடவோ இயன்ற காரணங்கள் பதினான்கினை எண்ணிற்று. இரத்தக் கொதிப்பும் நீரிழிவும் புகையும் எவரும் எதிர்பார்ப்பவை. காது மந்தமும் பார்வைக் குறைவும் தனிமையும் அவற்றோடு இடம்பெற்றிருத்தலே எண்ணத்தக்கது. காது கேளாதவரைப் பேச்சில் சேர்க்காமல் விடுவது இல்லங்களில் மெல்ல வழக்கமாகிவிடுகிறது. கண்புரை அறுவையைத் 'இந்த வயதில் எதற்கு' என்று தள்ளிப்போடுவாரும் உளர்.

இந்தியாவில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. ஆதலின் பராமரிப்பின் சுமை முழுதும் இல்லத்துப் பெண்ணொருத்தியின் தோளில் இறங்குகிறது. ஒரே வினாவை நாற்பது முறை கேட்கும் மாமியார்க்கு நாற்பது முறையும் விடை சொல்பவர் அவர், இரவிலும் உறங்காதவர். அவர்க்கு வாரத்தில் ஒரு நாளேனும் ஓய்வு கிட்ட, உறவினர் ஒருவர் வந்து உடனிருத்தல் வேண்டும். முதியோர் உதவிக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416 என்னும் இரு இலவசத் தொலைபேசி எண்களும் அவர் கண்ணில் படும்படி சுவரில் எழுதியிருக்கட்டும்.