டர்போ ஆயில் எந்த வழியாக இறங்க வேண்டும்?



லாரி ஓட்டுபவர்களும் பட்டறையில் வேலை செய்பவர்களும் இங்கே இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு கேள்வி. புது டர்போ மாட்டிய பிறகும் சில வண்டிகள் நீலப் புகை விடுகின்றன. ஏன்? பல நேரம் குற்றம் டர்போவில் இல்லை. ஆயில் இறங்கும் குழாயில் இருக்கிறது.

இன்ஜின் புகை வெளியேறும் வேகத்தில் டர்போவின் ஒரு சக்கரம் சுற்றுகிறது. அதே தண்டில் உள்ள இன்னொரு சக்கரம் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் அனுப்புகிறது. இந்தத் தண்டு நிமிடத்திற்கு 1 லட்சம் சுற்றுகூடச் சுற்றும். அதற்கு ஆயில் ஓயாமல் வேண்டும்.

ஆயில் மெல்லிய குழாய் வழியாக உள்ளே போகிறது. பம்ப் அதைத் தள்ளுகிறது. வெளியே வரும்போது தள்ள யாரும் இல்லை. தன் எடையால்தான் இறங்குகிறது. நுரையாகவும் வருகிறது. அதனால்தான் இறங்கும் குழாய் பெரிதாக இருக்கிறது.

வீட்டுச் சாக்கடைக் குழாயை நினைத்துப் பாருங்கள். வழியில் தடை இருந்தால் தண்ணீர் எதிர்த்து நிற்கும். இங்கேயும் அப்படித்தான். தேங்கிய ஆயில் தண்டின் இரு பக்கமும் கசியும். புகைப் பக்கம் கசிந்தால் எரிந்து நீலப் புகை ஆகும். காற்றுப் பக்கம் கசிந்தால் இன்ஜினுக்குள் போய் எரியும்.

குழாய் மாட்டும்போது இவற்றைக் கவனியுங்கள்:

1. குழாய் முழுவதும் கீழ்நோக்கியே போக வேண்டும். தொய்வு, மடிப்பு, மேடு கூடாது.

2. டர்போவில் ஆயில் வெளிவரும் வாய் கீழே பார்க்க வேண்டும். பொதுவாக 35 டிகிரிக்கு மேல் சாயக் கூடாது.

3. குழாய் சம்ப்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். ஆயிலில் மூழ்கினால் சரியாக இறங்காது. கிராங்க் ஆயிலை வாரி அடிக்கும் இடமும் வேண்டாம்.

4. சூடான புகைக் குழாயை ஒட்டிப் போகக் கூடாது. ரப்பர் குழாய் கெட்டுவிடும். ஆயில் சொட்டினால் தீப்பிடிக்கும்.

5. கேஸ்கட்டில் பசை தடவாதீர்கள். அது உள்ளே பிதுங்கி வழியை அடைக்கும்.

குழாய் சரியாக இருந்தும் புகை வந்தால் இன்ஜின் பிரீதரைப் பாருங்கள். அது அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடும். ஆயிலை இறங்கவிடாது.

ஓட்டுநர்களுக்கும் ஒரு வேலை உண்டு. பாரத்தோடு மேடு ஏறி வந்ததும் இன்ஜினை உடனே நிறுத்தாதீர்கள். சில நிமிடம் ஐடிலில் ஓடட்டும். இல்லாவிட்டால் டர்போவில் ஆயில் கருகிக் கரியாகப் படியும்.

ஒரு குழாயைக் கழற்றிப் பார்ப்பது சிறிய வேலை. புது டர்போ பெரிய செலவு. சிறிய வேலையை முதலில் செய்வோம்.