நீதிபதி பூசிய அரிதாரம்
(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



விழா நிகழ்ச்சி நிரலில் நாடகம் இருக்கக் கண்ட பெரியவர் ஒருவர், “படிக்கிற பிள்ளைகளைக் கூத்தாடிகளாக்கவா சங்கம் வைத்தீர்கள்?” என்று என்னைக் கேட்டார். அவர்மீது எனக்கு வருத்தமில்லை. அக்காலத்துச் சென்னையிலும் நாடகத்துக்கு இருந்த மதிப்பு அவ்வளவுதான்.

1873-இல் பிறந்த பம்மல் சம்பந்த முதலியாரே இளமையில் தமிழ் நாடகமென்றால் முகஞ் சுளித்தவர். பல்லாரி கிருஷ்ணமாச்சாரியார் சென்னைக்கு வந்து நடத்திய தெலுங்கு நாடகங்களைக் கண்டபின் அவர் மனம் மாறிற்று. 1891-இல் நண்பர்களுடன் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். விடிய விடியப் பாட்டாய் நடந்த நாடகத்தைச் சில மணி நேர வசன நாடகமாக்கினார். ‘மனோகரா’, ‘சபாபதி’ முதலாகத் தொண்ணூறுக்கு மேல் எழுதினார். தொழிலோ வக்கீல் தொழில். 1924 முதல் 1928 வரை நீதிபதிப் பதவி. அத்தகையவர் அரிதாரம் பூசியதும் படித்தவர் பலர் துணிந்து மேடையேறினர்.

1911-இல் அவரது சபை இலங்கைக்கும் வந்தது. நம் நாட்டில் நாடகத்துக்கே வாழ்ந்த கலையரசு சொர்ணலிங்கம் அவரையே குருவாகக் கொண்டார்.

பேசும்படம் வந்தபோது முதலியார் ஓய்வு பெற்றுவிட்டார். அவ்வயதில் நம்மில் பலர் திண்ணையைத் தேடுவோம். அவரோ 1934-இல், தமது 61-ஆம் வயதில், ‘சதி சுலோசனா’ படத்தை இயக்கினார். இந்திரஜித்தின் மனைவி கதை. நம் இலங்கைக் கதைதான்! மேடையில் கடைசி வாங்குக்குக் கேட்கக் குரலெடுத்துப் பழகியவர், ஒலிவாங்கிக்கு முன் பேசும் முறையைப் புதிதாய்க் கற்க வேண்டியிருந்தது. கற்றார். பட்டதையெல்லாம் ‘பேசும்பட அனுபவங்கள்’ என்று எழுதியும் வைத்தார். அக்காலப் படச்சுருள்களிற் பெரும்பாலானவை அழிந்தன, எழுத்து நிற்கிறது. நம் தோட்டங்களில் காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் ஆடிய வாத்தியார்மாரைப் பற்றி எழுதிவைத்தவர் எத்தனை பேர்?

1959-இல் பத்மபூஷண் விருது பெற்ற முதலியார் 1964-இல் மறைந்தார்.

ஒன்று சொல்ல மறந்தேன். என்னைக் கேள்வி கேட்ட பெரியவர், வாலிபத்தில் காமன் கூத்தில் ரதி வேடங் கட்டியவராம்! இன்றிரவு நம் பிள்ளைகள் ‘சபாபதி’யில் ஒரு காட்சியை நடிக்கிறார்கள். அவருக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருக்கிறோம். திரையை நீக்கும்படி தலைவர் அவர்களை வேண்டி அமர்கிறேன்.